மூன்றாவது கோடு

என் திருமண் பெட்டியைவிடச் சற்றே பெரியது அந்தக் கருவி. கறுத்த இரும்பு உடல், முகப்பில் மைக்குகளைச் செருக நான்கு துளைகள், ஒரு திருகு, பச்சையாய் மின்னும் ஒரு சிறு விளக்கு, அவ்வளவே. அதை ஒரு நெல் மூட்டையின் தலையில் வைத்து, அலுவலகக் கணினிகளில் செருகுவார்களே, அதே நீல நிறக் கேபிளை அதன் முதுகில் செருகினாள் அந்தப் பெண். அதே போன்ற இன்னொரு பெட்டியை எதிர் மூலையில் வைத்தாள்.

"அவ்ளோதான் சாமி. ஒங்க ஆறு பேரு கொரலும் இந்த ஒயர்ல போயி பக்கத்து ரூமுல கீற என் லேப்டாப்புல வுழும். பொட்டிக்குக் கரண்டும் அதே ஒயர்லதான் வருது."

"பெரிய மிஷின் ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டேன். ஒலிப்பதிவு என்றதும் மேசை நிறையத் திருகுகள் கொண்ட பலகை ஒன்றைத்தான் நான் மனத்தில் எண்ணியிருந்தேன்.

"அதெல்லாம் தூக்கிக்கினு வரணும்னா வண்டி வெக்கணும். இது என் ஸ்கூட்டி டிக்கில அடங்கிடும்."

சோழவரம் ஏரிக்கரையை அடுத்த ஒரு வயல்வெளி வீட்டின் நெல் அறையில், ஆறு கிழவர்களாகிய நாங்கள் பன்னிரு திருமண் துலங்க நின்றுகொண்டிருந்தோம். அங்கே ஏன் வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பின் நடுவே சிறிய பெருமாள் கோயில் ஒன்று இருக்கிறது. அங்குள்ள இரும்பு ஆலையின் ஸ்டோர்ஸில் நான் உத்தியோகம் பார்த்த நாள்களில், காலை ஷிப்டுக்குப் போகுமுன் அந்தச் சந்நிதியில் ஒரு நிமிடம் நிற்பது வழக்கம். ஓய்வு பெற்றுத் திருவள்ளூருக்கே திரும்பிய பிறகும் அந்தத் தொடர்பு அறவில்லை. மாதம் ஒருமுறை எங்கள் கோஷ்டி அங்கே சென்று பாசுரங்களைச் சேவித்துவிட்டு வரும். நாங்கள் அதைப் பாடுவது என்று சொல்வதில்லை. சேவிப்பது என்றுதான் சொல்வோம். மற்ற நாள்களின் விடியலில் அந்தக் கோயிலில் யார் யாரோ பாடிய சினிமா மெட்டுப் பக்திப் பாட்டுகள்தாம் ஒலிக்கும். "உங்கள் குரலையே பதிவு செய்து தாருங்கள், தினமும் போடுகிறோம்" என்று கோயில் குழுவினர் கேட்டார்கள். பதிவு செய்யும் ஆளையும் அவர்களே காட்டிக்கொடுத்தார்கள். தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்பவள்; விடுப்பு நாள்களில் மாதா கோயில் பாடற்குழு முதல் கோயில் கச்சேரி வரை எங்கு அழைத்தாலும் போய்ப் பதிவு செய்து தருபவள்.

நெல் அறையைத் தேர்ந்தெடுத்தவளும் அவளே. அது அவளுடைய சித்தப்பா வீடு. "மூட்ட அடுக்குன ரூமுல எக்கோ வராது. ரயிலு சத்தமும் லாரி சத்தமும் இவ்ளோ தூரம் வராது. பம்புசெட்டை மட்டும் நிறுத்தச் சொல்லிக்கீறேன்" என்றாள். பம்புசெட்டை நிறுத்திய சித்தப்பா, "தண்ணி வுடற நேரத்துல பாட்டு புடிக்க வந்துட்டீங்க" என்று முனகினார். முனகிக்கொண்டே எங்களுக்காகத் தரையில் ஜமக்காளமும் விரித்தார்.

இனி என் அத்திம்பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்காவின் கணவர். பல வருஷங்களாக எங்கள் கோஷ்டியில் முதல் அடியைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். அவர் தொடங்கினால், நாங்கள் அனைவரும் அவருடைய சுருதியின் நிழலில் ஒதுங்கிக்கொள்வோம். சென்ற வருஷம் ஐப்பசியில் மூளையில் இரத்தம் உறைந்து படுத்தார். கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு முழுவதும் திரும்பவில்லை. தாகம் என்பது தெரியும். தீர்த்தம் என்னும் சொல் நாவில் வந்து நிற்காது. சொல்லைத் தேடித் தேடி, பின்பு அந்தத் தேடலுக்காகவே வெட்கப்பட்டு மௌனமாகிவிடுவார். ஆயினும் கோஷ்டியில் உட்கார்ந்தால் அவருக்குக் குரல் வந்தது. முன்போல முதல் அடியைத் தொடங்க இயலாது. தொடங்கிவைத்த பாசுரத்தில் கூடவே வருவார். இது பெருமாளின் பெருங்கருணை என்று நாங்கள் கைகூப்பினோமே அல்லாமல், அந்தக் கருணை எவ்வழியாக வருகிறது என்று யோசித்துப் பார்த்ததில்லை.

அவர் விட்ட தொடக்கத்தை எடுத்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பாடாந்தரத்தில் பழுது சொல்ல முடியாதவர். ஆனால் நாக்கு கொஞ்சம் நீளம். கோஷ்டியில் நாங்கள் எதிரெதிராக இரண்டு வரிசை உட்காருவோம். ஒரு வரிசை மூச்சு வாங்கும் இடத்தில் மற்ற வரிசை பாசுரத்தை ஏந்திக்கொள்ளும். அத்திம்பேர் ஒரு வரிசையின் நடுவில். தலைமையாசிரியர் நேர் எதிரே மற்ற வரிசையின் நடுவில். நான் அத்திம்பேரின் பக்கத்தில்.

அன்று காலை வேனில் வரும்போது தலைமையாசிரியர் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். அத்திம்பேர் முன் இருக்கையில் கண்மூடியிருந்தார்.

"உற்சவம் வரது. அத்திம்பேர் ஸ்வாமியைக் கடைசியிலே உட்கார்த்தி வெச்சுடலாமா? நடுவிலே கணீர்னு ஒரு குரல் வேணும் ஓய்."

"அவருக்கு அந்த இடம் போனால் மனசு உடைந்துபோகுமே" என்றேன்.

"எனக்கும் ஒரு கஷ்டம் இருக்கு. சேவிக்க ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் என் மூஞ்சியையே பார்த்துண்டிருக்கார். பெருமாள் பக்கம் ஒரு பார்வை கிடையாது. வருஷம் பூரா இதே கதை. என் மூஞ்சியிலே அப்படி என்ன எழுதியிருக்கு?"

அவர் சொன்னதில் பகை ஏதுமில்லை, சலிப்பு இருந்தது. அவர் இதைச் சொல்வது முதல் தடவையும் அல்ல. முந்தின நாள்தான் அக்காவிடம் தொலைபேசியில் இந்த இடமாற்றப் பேச்சைத் தயங்கித் தயங்கி எடுத்திருந்தேன். அக்கா அழவில்லை.

"கடைசியிலே உட்காரச் சொன்னா அவர் வரமாட்டார்டா. வராட்டா அந்த வாயும் அடைச்சுப்போயிடும். கோஷ்டிக்குப் போய்ட்டு வந்த அன்னிக்குத்தான் மோர் வேணும்னு தானாக் கேக்கறார். காலம்பற நான் எதிரே உட்கார்ந்து கூடச் சொன்னா நாலு பாசுரம் வரது. அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன்னா நின்னுபோயிடறது. என்னத்தைச் சொல்ல" என்றாள்.

அக்கா சொன்னதை நான் துயரமாகத்தான் கேட்டேன். அதற்குள் இருந்த செய்தியைக் கேட்கவில்லை.

நெல் அறையில் அந்தப் பெண் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "சாமி, நீங்க எப்பவும் எப்டி உக்காருவீங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறர் வீட்டுக்கு வந்திருக்கிறோம், பிறர் கருவி, நம் வழக்கத்தை முன்னிறுத்துவது மரியாதையாகுமா என்ற தயக்கம். தலைமையாசிரியரே முந்திக்கொண்டார்.

"எங்களுக்கு எப்படி இருந்தாலும் சரிதாம்மா. உனக்கு எது சௌகரியமோ அப்படியே உட்கார்த்தி வை."

நாங்கள் எல்லோரும் தலையசைத்தோம். அவளுக்குச் சௌகரியம் ஒற்றை வரிசை. ஆளுக்கொரு மைக், எல்லோரும் மூட்டைகளைப் பார்த்தபடி, ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் அதிகம் விழாத இடைவெளி. அப்படி உட்கார்ந்தால் பிறகு ஒவ்வொரு குரலையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம் என்றாள். தலைமையாசிரியர் முதலில், அத்திம்பேர் மூன்றாவது, நான் நான்காவது. தலைமையாசிரியர் ஜமக்காளத்தில் சப்பணமிட்டுக்கொண்டே, "அப்பாடா, இன்னிக்கு என் மூஞ்சிக்கு லீவு" என்றார்.

பிறகு குரலைச் சோதிக்கும் படலம். அவள் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். எங்கள் எதிரே வைத்திருந்த சிறிய ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது: "ஒவ்வொருத்தரா ஒரே ஒரு வரி சொல்லுங்க சாமி. லெவல் பாத்துக்கிறேன்."

ஒரு வரி என்பது எங்களிடம் இல்லாத அளவு. ஆசாரியனை வணங்கும் தனியனைச் சொல்லாமல் பாசுரத்தைத் தொடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. தொட்ட பாசுரத்தைப் பாதியில் விடுவதும் இல்லை. தலைமையாசிரியர் தனியனில் தொடங்கினார். "போதும் சாமி" என்றது ஒலிபெருக்கி. அவர் கண்ணை மூடிக்கொண்டு மேலே போனார். "சாமி, போதும்! வந்துடிச்சி!" அவர் பாசுரத்தின் இரண்டாம் அடியில் இருந்தார். கதவைத் திறந்துகொண்டு அவளே ஓடி வந்தாள்.

"சாமி, சும்மா செக்கு பண்றேன் சாமி."

அவர் பாசுரத்தை முடித்து, கைகூப்பி, கண்ணைத் திறந்து, "என்னம்மா, சரியா விழுந்துதா?" என்றார்.

இரண்டாமவரும் அவ்வாறே செய்தார். மூன்றாவது அத்திம்பேரின் முறை. அவர் எதிரே இருந்த மூட்டையைப் பார்த்தார். பிறகு தம் கைகளைப் பார்த்தார். மெதுவாக, "நாராயணா" என்றார்.

"சூப்பர் சாமி! இப்டித்தான் சொல்லணும். இந்தச் சாமிய பாத்துக் கத்துக்குங்க அல்லாரும்!" என்றது ஒலிபெருக்கி. நாங்கள் சிரித்தோம். அத்திம்பேரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு கணம் தாமதித்து வந்ததை, அவர் அருகிலேயே இருந்த நான் கவனித்தேன், கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

பதிவு தொடங்கியது. நெல் மணமும் சணல் மணமும் கலந்த அந்த அறையில் எங்கள் குரல்கள் எங்கும் முட்டாமல், எதிரொலியின்றி, ஈரத்துணியில் விழுந்த நீர்போல அடங்கின. இது எனக்குப் பழக்கமில்லாத அனுபவம். கோயிலில் கல் நம் குரலை நமக்குத் திருப்பித் தரும், எதிர்வரிசை தரும். இங்கே நாம் கொடுத்தது போய்க்கொண்டே இருந்தது. ஆனாலும் முதல் பத்துப் பாசுரங்களையும் நிறுத்தாமல் சேவித்து முடித்தோம். நன்றாகவே அமைந்தது என்ற நிறைவோடு ஆளாளுக்கு மேல்துண்டால் முகம் துடைத்துக்கொண்டோம். சித்தப்பா வீட்டு அம்மாள் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது அந்தப் பெண் கதவோரம் வந்து என்னை மட்டும் கண்ணால் அழைத்தாள். "ஐயா, ஒரு நிமிசம் வர்றீங்களா?"

பக்கத்து அறை என்பது அவர்கள் உரமும் மண்வெட்டியும் வைத்திருக்கும் இடம். ஒரு பழைய தையல் மிஷினின் மேல் அவளுடைய லேப்டாப் இருந்தது. திரையில் ஆறு கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. குரல் எழுந்த இடங்களில் கோடு தடித்தும் குரல் அடங்கிய இடங்களில் மெலிந்தும், வரப்போரப் புல்போல ஏறி இறங்கிச் சென்றது. ஐந்து கோடுகள் அப்படி. மூன்றாவது கோடு மட்டும் ஏறக்குறைய வெறுங்கோடு. நெடுக நீண்டு, எங்கோ சில இடங்களில் ஓர் எறும்புப் புற்று அளவுக்கு மேடிட்டு மறுபடி தரையாகிவிட்டது.

"மொதல்ல மைக்கு போச்சுன்னு நெனச்சேன். நீங்க நடுவுல நிறுத்தவே இல்ல, அதனால உள்ள வந்து பாக்க முடியல. அப்பால இத மட்டும் தனியா கேட்டேன். மைக்கு நல்லாத்தான் கீது ஐயா. மூச்சு வுடற சத்தம் தெளிவா கேக்குது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தச் சாமி பாடவே இல்லியா?"

ஹெட்போனை என் காதில் வைத்தாள். என் குடுமியில் சிக்கி ஒருமுறை நழுவியது, சரிசெய்தாள். மூன்றாவது கோட்டை மட்டும் ஓட்டினாள்.

தொலைவில், அடுத்த தெருவில் நடப்பதுபோல, எங்கள் ஐவரின் குரல்கள். அருகில், என் காதுக்குள்ளேயே, அத்திம்பேரின் மூச்சு. ஒவ்வோர் அடி தொடங்கும்போதும் அந்த மூச்சு எதையோ எடுக்க முயன்று உள்ளே இழுபட்டது. அடி அவரைக் கடந்து போனது. மூச்சு வெளியே வந்தது. அடியின் இறுதிச் சொல் வரும்போது மட்டும், கூட்டத்தில் ஒருவரின் மேல்துண்டு நுனியைப் பிடித்துக்கொள்வதுபோல, அந்தச் சொல்லின் கடைசி அசையைப் பிடித்து மெல்லச் சொன்னார். பிறகு மறுபடி தேடல். பத்துப் பாசுரமும் அப்படியே. நான் அவருடைய தோளோடு தோளாக இருந்தேன். என் குரலின் நிறைவில் இது எனக்குக் கேட்கவில்லை.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். "அவருக்குப் போன வருஷம் உடம்பு சரியில்லாமல் போயிற்று அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் திரையில் ஒரு பொத்தானைக் காட்டினாள். பிறகு, என் மனம் நோகாமல் ஓர் உதவி செய்யும் நோக்கத்தோடு சொன்னாள்: "அப்போ வுடுங்க ஐயா. யாருக்கும் தெரிய வேணாம். இதோ இத ஒரு தட்டு தட்டுனா மூணாவது கோடு அமைதியாயிடும். மிச்ச அஞ்சு பேரு கொரலே சூப்பரா கீது. கேக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் விரல் அந்தப் பொத்தானின் மேல் நின்றது. அன்பினால் சொல்லப்பட்ட சொல் அது. அதனாலேயே என்னை அதிகம் தைத்தது. இத்தனை வருஷம் எங்களுக்கு முதல் அடி எடுத்துத் தந்த ஒருவர், ஒரு தட்டில் இல்லாமலாகலாம், பதிவு கெடாது, இன்னும் நன்றாகக்கூட இருக்கும். சரி என்று சொல்லிவிடத்தான் எனக்கு நாவெழுந்தது. அவர் மானமாவது காக்கப்படட்டும் என்ற எண்ணம்.

"என்ன ஓய், ரெண்டு பேரும் ரகசியம் பேசறேள்? பால் ஆறிப்போறது." தலைமையாசிரியர் டம்ளருடன் உள்ளே வந்துவிட்டார். திரையைக் குனிந்து பார்த்தார். படித்தவர், அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "இது யார் மூணாவது? தூங்கறாரா?"

நான் வாய் திறக்குமுன் அவரே எண்ணிப் பார்த்தார். அவருடைய முகத்திலிருந்த கேலி இறங்கியது. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு ஹெட்போனுக்குக் கை நீட்டினார். கேட்டார். "இன்னொரு தடவை போடும்மா" என்றார். மறுபடியும் கேட்டார். முழுப் பாசுரம் ஒன்றை அப்படி நின்றபடியே கேட்டு முடித்தார்.

இப்போது சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். நடு இடத்துக்கு வேறு குரல் வேண்டும் என்று வேனில் அவர் சொன்னதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

"இது தப்பாச்சே" என்றார். "போன மாசம் கோயில்லே இவர் சேவிச்சாரே. எதிரே இருந்தவன் நான். இவர் குரல் என் மேலே வந்து மோதித்தே. எனக்குக் காது கேக்கும் ஓய்."

"நானும் பக்கத்திலிருந்து கேட்டேன்" என்றேன். "அப்போது வந்தது."

"அப்போ இன்னிக்கு மட்டும் ஏன்…" அவர் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு அவர் என்னைப் பார்க்கலை."

அந்த நொடியில்தான் அக்காவின் சொல் எனக்கு முழுதாகக் கேட்டது. நான் எதிரே உட்கார்ந்து கூடச் சொன்னா வரது. எழுந்து போனேன்னா நின்னுபோயிடறது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அத்திம்பேருக்குச் சொல் எங்கோ உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. வெளியே வர அதற்கு எதிரே அசையும் ஒரு வாய் வேண்டியிருந்தது. அக்காவின் வாய், கோஷ்டியில் தலைமையாசிரியரின் வாய். நாங்களோ மரியாதை என்று எண்ணிக்கொண்டு அவரை ஒரு மூட்டையின் முன்னால் உட்கார்த்தி வைத்திருந்தோம்.

"வருஷம் பூரா என் மூஞ்சியைப் பார்க்கறார்னு குறைப்பட்டுண்டேன்" என்றார் தலைமையாசிரியர். அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அம்மா, நாங்க ரெண்டு வரிசையா, எதிரும் புதிருமா உட்கார்ந்தா உன் பெட்டி ஒத்துக்குமா?"

"பொட்டி ஒத்துக்கும் சாமி. ஆனா ஒருத்தர் கொரலு இன்னொருத்தர் மைக்குல போயி வுழும். அப்பால யாரையும் தனியா பிரிக்க முடியாது. ஒருத்தர் தப்பு வுட்டா ஆறு கோட்டுலயும் அந்தத் தப்பு நிக்கும்."

"நிக்கட்டும். நாங்க எப்பவும் அப்படித்தான் உட்காருவோம்."

அவள் இடுப்பில் கை வைத்தாள். "இன்னா சாமி பேஜாரா கீது! இதத்தான காலைல வந்ததும் மொத கேள்வியா கேட்டேன்?"

"கேட்டே. நான்தான் அதிகப்பிரசங்கித்தனமா வாயைத் திறந்தேன். நீ என்னைத் திட்டலாம்."

"வாத்தியார திட்டுனா எனக்குப் பாவம்" என்றபடி அவள் எழுந்து போனாள். போகிற போக்கில், "நல்லவேள சின்னப் பொட்டி. பெரிய போர்டு கொண்டாந்திருந்தா ஒயர மாத்தி மாத்தியே பொழுது பூட்டிருக்கும்" என்றாள். உண்மைதான். இரண்டு பெட்டிகளையும் தூக்கி இரு வரிசைக்கும் நடுவே வைத்தாள். நீலக் கேபிளைக் கொஞ்சம் இழுத்துவிட்டாள். மைக்குத் தண்டுகளைத் தாழ்த்தினாள். எங்கள் பால் டம்ளர்கள் காலியாகுமுன் அறை தயாராகிவிட்டது.

அத்திம்பேரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "முதல் பத்தை இன்னொரு தடவை சேவிக்கலாம், இந்தப் பெண்ணுக்கு வேணுமாம்" என்று மட்டும் தலைமையாசிரியர் அறிவித்தார். அத்திம்பேர் நடுவில் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் நேர் எதிரே வந்து, மைக்குத் தண்டு மறைக்கிறது என்று அதைத் தள்ளி வைத்து, இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். இருவர் முழங்கால்களுக்கும் இடையே ஒரு சாண் இருக்கலாம். அத்திம்பேரின் கண்கள் அவர் முகத்தில் போய் அமர்ந்தன.

தலைமையாசிரியர் தொடங்கினார். முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருபவரைப்போல ஒவ்வோர் அசைக்கும் வாயைத் தேவைக்கு மேலே திறந்தார். மற்ற நாளாக இருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். முதல் அடியின் பாதியில், என் இடப்பக்கத்தில் ஓர் இழுபட்ட மூச்சு. பிறகு அந்த மூச்சின் மேல் குரல். கரகரத்து, ஒரு பக்கம் சாய்ந்து, ஆனால் சொல் சொல்லாக. இரண்டாம் பாசுரத்தில் ஓரிடத்தில் தடுக்கி நின்றார். தலைமையாசிரியர் அவருக்காக நிற்கவில்லை. நின்றிருந்தால் அவர் வெட்கப்பட்டிருப்பார். எதிர்வரிசை பாசுரத்தை ஏந்திக்கொண்டு போயிற்று. அடுத்த அடியில் அவர் வந்து சேர்ந்துகொண்டார். ஏழாம் பாசுரத்தில் அவருக்கு என்ன உற்சாகம் வந்ததோ, எங்கள் வரிசை மூச்சு வாங்கும் இடத்தில் தாம் வாங்காமல், தலைமையாசிரியருக்கு ஒரு சொல் முன்னாலேயே பாய்ந்துவிட்டார். அவருடைய பழைய கணீர்க் குரலின் ஒரு கீற்று அந்தச் சொல்லில் இருந்தது.

பத்தும் முடிந்து கைகூப்பினோம். நான் அத்திம்பேரின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை; கீழே ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்வாமி," என்றார் தலைமையாசிரியர் கண்டிப்பாக, "ஏழாவதிலே என்னை முந்திண்டுட்டீர். தொடங்கறவன் நானா நீரா?"

யாரும் அவரிடம் இப்படிப் பேசி ஒரு வருஷமாகியிருந்தது. நோயாளியிடம் எவரும் குறை சொல்வதில்லை. அத்திம்பேர் வாயைத் திறந்தார். சொல்லைத் தேடினார். நாங்கள் காத்திருந்தோம்.

"நீர்தான்," என்றார். இன்னும் தேடினார். "நீர்தான்… மெதுவு."

அறை சிரித்தது. கதவோரம் நின்ற சித்தப்பாவும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். தலைமையாசிரியர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பக்கத்து அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். மூன்றாவது கோடு நெடுகிலும் தடித்திருந்தது. அதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு எங்களுடையது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. "இப்போ எதையும் தட்டி அமைதியாக்க முடியாது ஐயா. ஒருத்தர எடுத்தா அல்லாரும் போயிடுவீங்க" என்றாள். பிறகு, "ஏழாவது பாட்டுல ஒரு கொரலு முந்திப் போவுது. வேணும்னா அந்தப் பாட்ட மட்டும் இன்னொருவாட்டி எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் அம்மா" என்றேன்.

திரும்பும்போது வேனில் தலைமையாசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். புதுவாயலில் கோயில் குழுவினரைப் பார்த்துச் செய்தி சொல்லிவிட்டுத் திருவள்ளூர்ச் சாலைக்குத் திரும்பினோம். பிறகு, "உற்சவத்துக்கு நான் ஒண்ணு சொன்னேனே" என்று தொடங்கினார்.

"என்ன சொன்னீர்?" என்றேன், தெரியாதவன்போல.

"ஒண்ணும் சொல்லலை. அவர் இடம் அவருக்கு. என் இடத்தை மட்டும் யாருக்கும் குடுத்துடாதேங்கோ."

உற்சவத்தில் அவ்வாறே அமைந்தது. தலைமையாசிரியருக்கு அன்று ஜுரம். போர்த்திக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

அந்தப் பதிவு இப்போது தொழிற்பேட்டைக் கோயிலில் தினமும் விடியலில் ஒலிக்கிறது. அண்மையில் ஒரு நாள் அத்திம்பேர், அக்கா, தலைமையாசிரியர், நான் நால்வரும் அங்கே போயிருந்தோம். காலை ஷிப்டுக்குச் செல்வோர் சைக்கிளிலும் கம்பெனி பஸ்ஸிலும் கடந்துகொண்டிருந்தார்கள். சிலர் நின்று, ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சந்நிதித் தூணில் கட்டிய ஒலிபெருக்கியில் ஆறு கிழக் குரல்கள் ஒரு குரலாகச் சென்றுகொண்டிருந்தன. ஏழாம் பாசுரம் வந்தது. எங்கள் வரிசை மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு குரல் மட்டும், கரகரத்த கணீர்க் குரல், ஒரு சொல் முன்னால் பாய்ந்தது.

தலைமையாசிரியர் அத்திம்பேரின் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தார். அத்திம்பேர் பெருமாளைப் பார்த்தபடியே புன்னகை செய்தார். பிறகு எதிரே நின்ற அக்காவின் பக்கம் திரும்பி, "மோர்" என்றார்.

"வீட்டுக்குப் போய்த் தரேன்" என்றாள் அக்கா.

"இல்லை," என்றார். தலைமையாசிரியரைக் கையால் சுட்டினார். "இவருக்கு."

ஒலிபெருக்கியில் எட்டாம் பாசுரம் தொடங்கியிருந்தது. அவர் தலைமையாசிரியரை நோக்கித் திரும்பி நின்றுகொண்டார். தலைமையாசிரியர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாயை அகலத் திறந்தார்.